கொப்பி உங்களுடையது, பாட்டு எல்லோருடையது



தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறைக்குள் கிடந்த கதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ராஜராஜன் கதவைத் திறப்பித்தபோது கறையான் தின்றது போக மிச்சம்தான் கிடைத்தது என்பார்கள்.

எங்கள் முனாஜாத்து, கிஸ்ஸா, தாலாட்டு எழுதிய அரபுத்தமிழ்க் கொப்பிகளுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது கொப்பிகளையா தூக்கினோம்? தப்பியவை இன்று ஒரு சில வீட்டு அலுமாரிகளில். கேட்டால், "வாப்பாட சாமான், வெளியே தரமாட்டோம்" என்கிறார்கள்.

கொப்பி உங்களுடையதுதான், யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் பாட்டு? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, புலவர் மறைந்து 70 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். அதன்பின் அது எல்லோருக்கும் பொது.

ஒரே பிரதியை நம்பினால் என்ன ஆகும் என்பதை 1981இல் எரிந்த எங்கள் பொது நூலகம் காட்டியது. கொப்பி வீட்டிலேயே இருக்கட்டும். பக்கங்களைப் படமெடுத்து, இணையத்தில் எண்ணிம நூலகம் நடத்தும் நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள். குடும்பத்தின் பெயரையும் குறிக்கச் சொல்லுங்கள்.

மெட்டுத் தெரிந்த மூத்தம்மா இருந்தால், அவர் பாடுவதை இன்றே போனில் பதியுங்கள். கொப்பியில் மெட்டு இல்லை.