செருப்புத் தேயாத ஞானம்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். அதே காக்கையையும் பழத்தையும் ஒருவர் சமன்பாட்டில் ஏற்றி அச்சிட்டுவிட்டால் கைகட்டி நிற்கிறோம். கதையில் நான் அப்படிக் காரணம் காட்டினால் வாசகர்கள் கடிதம் போட்டுத் திட்டுவார்கள். "புள்ளிவிவரமே சொல்கிறதே, ஸார்!" என்கிறார் நண்பர். அந்தச் 'சொல்கிறதே'யோடுதான் எனக்குச் சண்டை.

1849-ல் லண்டனில் காலரா. அரசாங்கப் புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார், தேம்ஸ் நதி மட்டத்துக்கு மேலே போகப் போகச் சாவு குறைவதைக் கண்டு சூத்திரம் எழுதினார். கணக்கு அபாரமாகப் பொருந்தியது. கரையோரத்துக் கெட்ட காற்றே காரணம் என்றார். ஃபார் முட்டாள் அல்ல, அதனால்தான் சொல்கிறேன்.

ஜான் ஸ்நோ என்ற டாக்டர் தண்ணீரைச் சந்தேகித்தார். தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவில் குழாய் போட்டிருந்தன. இந்த வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு மற்றது. மேடு பள்ளமும் காற்றும் இரண்டுக்கும் பொது. லாம்பெத் கம்பெனி மட்டும் 1852-ல் நகரத்துச் சாக்கடை எட்டாத மேல்நதிக்குப் போய்விட்டது. 1854-ல் காலரா மறுபடி வந்ததும், சாவு விழுந்த வீடுகளின் கதவை ஸ்நோ தட்டினார். எந்தக் கம்பெனித் தண்ணீர்? பலருக்குத் தெரியவில்லை. சீசாவில் தண்ணீர் பிடித்து, உப்பைச் சோதித்துக் கண்டுகொண்டார். முதல் ஏழு வாரத்தில், பத்தாயிரம் வீட்டுக்கு ஸதர்க் வாக்ஸால் கம்பெனித் தண்ணீரில் 315 சாவு, லாம்பெத்தில் 37. (இறந்தோர் விவரம் கொடுத்து உதவியவர் ஃபார்தான். பெரிய மனிதர்.)

1991-ல் பெர்க்லி புள்ளியியல் பேராசிரியர் டேவிட் ஃப்ரீட்மன் இந்தக் கதையைத் தம் சகாக்கள் முன் எடுத்துப் போட்டார். கட்டுரைத் தலைப்பிலேயே செருப்புத் தோல் இருக்கிறது! நாற்காலியை விட்டு எழாமல், சமன்பாட்டிலேயே எல்லாவற்றையும் சமப்படுத்திக் காரணம் பிடிக்கும் சாமர்த்தியத்தை அவர் நம்பவில்லை. கணக்கு வராதவரின் பொறாமை இல்லை இது, கணக்கிலே ஊறியவர்.

"பழங்கதை" என்கிறார் நண்பர். சரி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இருதயத்தைக் காக்கும் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் முன்னமே வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள். பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் நடுவிலேயே நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் மார்பகப் புற்றும் அதிகம்.

இருதயத்துக்கு நல்லதென்று அதை வருஷக்கணக்கில் விழுங்கிய பெண்களிடம் போய், கணக்கு அழகாகப் பொருந்தியிருந்தது என்று நண்பர் சொல்லட்டும். துணைக்கு நானும் வருகிறேன்; வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.