நான்காவது கவ்வி



"சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு." மகிழுந்தின் மின்கலம் (பேட்டரி) செயலிழந்துபோனால் நம்மவர் வாயிலிருந்து முதலில் வரும் வாய்பாடு இதுதான். மழைபெய்யும் காலையில் முன்விளக்கை எரியவிட்டுப் பள்ளிக்கு வரும் ஆசிரியர் ஒருவர் அதை அணைக்க மறந்து வகுப்புக்குச் சென்றுவிடுகிறார். பிற்பகலில் சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்னும் ஒலி மட்டுமே கேட்கிறது. யாரோ ஒருவர் ஜம்பர் கேபிளைக் கொண்டுவருகிறார். ஆண்கள் நால்வர் சுற்றி நிற்க, ஆசிரியைகள் ஒதுங்கிக்கொள்ள, அந்த வாய்பாடு ஓதப்படுகிறது. வண்டியும் பெரும்பாலும் கிளம்பிவிடுகிறது.

பெரும்பாலும் கிளம்பிவிடுகிறது என்பதுதான் இங்குள்ள சிக்கல். அந்த வாய்பாடு முக்கால் பங்கு சரியானது. கேபிளில் உள்ள நான்கு கவ்விகளுள் மூன்றுக்கு அது பொருந்தும்; நான்காவதற்குப் பொருந்தாது. ஆபத்து இருப்பதும் அந்த நான்காவது கவ்வியில்தான்.

காரணத்தைப் பார்ப்போம். நம் மகிழுந்துகளில் உள்ள 12 வோல்ட் ஈய-அமில மின்கலத்திற்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழுமையாக மின்னேற்றம் பெற்ற மின்கலம் 12.6 வோல்ட் காட்டும். உள்ளே கந்தக அமிலமும் நீரும் உள்ளன. மின்னேற்றத்தின்போது அந்த நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் உயிர்வளியாகவும் பிரிந்து வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு கலந்திருந்தாலே தீப்பற்றுவதற்குப் போதும். அந்த வளி சேர்ந்திருக்கும் இடத்தில் ஒரு சிறு தீப்பொறி விழுந்தால், மின்கலம் வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். முதலில் பாதிக்கப்படுவது, குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்களே.

தீப்பொறி எங்கே தோன்றும்? இதற்கான விடை படிநிலை இரண்டு மாணவர்களுக்கு நாம் கற்பிக்கும் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. சுற்று முழுமையடைந்தால்தான் மின்குமிழ் எரியும் என்று சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா? இங்கும் அதுவேதான். முதல் மூன்று கவ்விகளையும் முறையாகப் பொருத்தும் வரையில் சுற்று முழுமையடைவதில்லை. நான்காவது கவ்வி தொடும் கணத்தில்தான் முழுமையடைகிறது. பொறி பறப்பதும் அந்தக் கணத்தில்தான். ஆகவே அந்தக் கடைசி இணைப்பு மின்கலத்தை விட்டு விலகி இருக்க வேண்டும். இயந்திரத்தின் உலோகப் பகுதி, மின்கலத்தின் எதிர்முனையோடு தடித்த கம்பியால் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருப்பதால், அங்கே கவ்வினாலும் மின்னோட்டம் தடையின்றிச் செல்லும்.

எனவே முறையான வரிசை இதுதான்:

1. இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இயந்திரம், விளக்கு, குளிர்சாதனம் அனைத்தையும் அணைத்துக் கைத்தடையை இழுத்துவிடுங்கள். கைவளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். தொங்கும் சங்கிலியைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.
2. முதல் சிவப்புக் கவ்வி: செயலிழந்த மின்கலத்தின் நேர்முனையில்.
3. இரண்டாம் சிவப்புக் கவ்வி: உதவும் மின்கலத்தின் நேர்முனையில். கையில் இருக்கும்போது அது எந்த உலோகத்திலும் படக்கூடாது.
4. முதல் கறுப்புக் கவ்வி: உதவும் மின்கலத்தின் எதிர்முனையில்.
5. கடைசிக் கறுப்புக் கவ்வி: செயலிழந்த வண்டியின் இயந்திரத்தில், வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியில், மின்கலத்திலிருந்து விலகி.

பிறகு உதவும் வண்டியை முடுக்கிச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மற்ற வண்டியை முடுக்கலாம். இரண்டு மூன்று முறை முயன்றும் கிளம்பாவிட்டால் நிறுத்திவிடுங்கள். கோளாறு வேறெங்கோ இருக்கலாம். கிளம்பிவிட்டால், பொருத்திய வரிசைக்கு நேர்மாறாகக் கவ்விகளைக் கழற்றுங்கள். கடைசியாகப் பொருத்தியதே முதலில் வர வேண்டும். காரணம் முன்பு சொன்னதே: சுற்று முறியும் கணத்திலும் பொறி பறக்கும்.

வளையலைக் கழற்றச் சொன்னது ஏன் என்று சிலர் கேட்கலாம். 12 வோல்ட் நம்மை மின்னதிர்ச்சியால் தாக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த மின்கலத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தர முடியும். தங்கம் மிகச் சிறந்த மின்கடத்தி. வளையல் நேர்முனையையும் வண்டியின் உலோகத்தையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். நம் ஆசிரியைகள் இதை அறிந்திருப்பது நல்லதல்லவா?

நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்துவிட்டால் விளைவு இன்னும் மோசமாகும். இணையாகச் சேரவேண்டிய இரு மின்கலங்களும் தொடராகச் சேர்ந்துவிடும். கேபிள் உருகலாம், மின்னணுப் பாகங்கள் பாழாகலாம், மின்கலமே வெடிக்கலாம். தொடர் சுற்றுக்கும் இணைச் சுற்றுக்கும் உள்ள வேறுபாடு தேர்வுத்தாளில் இரண்டு புள்ளிக்கு உரிய வினா மட்டுமன்று என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியுமா?

"இதெல்லாம் நமக்கெதற்கு? பட்டறைக்காரரை அழைத்தால் வந்துவிடுவார்" என்று சிலர் சொல்லக்கூடும். அழைப்பது நல்லதே. ஆனால், அந்தி சாயும் வேளையில், பின்னிருக்கையில் பிள்ளைகளோடு ஆளரவமற்ற சாலையோரத்தில் நிற்கும் தாய் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? வழியே போகும் ஒருவர் நல்ல மனத்துடன் உதவ முன்வந்து, அதே அரைகுறை வாய்பாட்டின்படி கவ்வியை நீட்டினால், "ஐயா, அதை அங்கே வைக்காதீர்கள்" என்று சொல்லும் அறிவேனும் அந்தத் தாய்க்கு வேண்டும்.

அதைவிட முக்கியமானது, எப்போது செய்யக்கூடாது என்பதை அறிவது. மின்கலம் உப்பியிருந்தால், விரிசல் கண்டிருந்தால், அமிலம் கசிந்தால் அதைத் தொடவே கூடாது. கலப்பின வண்டியாகவோ மின்சார வண்டியாகவோ இருந்தால், வண்டியுடன் வந்த கையேட்டைப் படிக்காமல் எதையும் இணைக்கக்கூடாது. இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் இணைப்பதற்கென்றே தனி முனைகள் வைத்திருக்கிறார்கள்; அவற்றையும் கையேடே காட்டும். அமிலம் கண்ணில் பட்டுவிட்டால் உடனே தூய நீரால் குறைந்தது 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். கல்விப் பெருந்திட்டம் 2013இல் தொடங்கியதிலிருந்து 'உயர்நிலைச் சிந்தனை' என்னும் சொல்லைக் கேட்காத பயிலரங்கு இல்லை. ஆயினும் வகுப்பறையில் நாம் இன்னமும் 'சிவப்புக்குச் சிவப்பு' பாணியிலேயே பல பாடங்களை நடத்துகிறோம். மனனம் தவறன்று. வாய்பாடு நினைவில் இருந்தால் கை தயங்காது. ஆனால் காரணம் தெரியாத வாய்பாடு, மூன்று இடங்களில் சரியாக இருந்து நான்காவது இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். மாணவன் தேர்வில் மூன்று விடைகளுக்குப் புள்ளி வாங்கிவிடுவதால், நான்காவதை அவன் அறியான் என்பது நமக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, பெற்றோரும் ஆசிரியரும், குறிப்பாகப் பெண்கள், தம் கைகளாலேயே கவ்விகளைப் பொருத்திப் பார்க்கச் செய்யுங்கள். மாணவர்களுக்கு மகிழுந்து மின்கலம் வேண்டாம், 1.5 வோல்ட் உலர்மின்கலங்கள் இரண்டும் ஒரு மின்குமிழும் போதும். எந்த இணைப்பில் சுற்று முழுமையடைகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும், "ஏன் அங்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.