கீபோர்டைப் பரணில் ஏற்றாதீர்கள்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். "சார், பொண்ணுக்குப் பிறந்தநாள் வருது. கீபோர்டு வாங்கித் தரப்போறேன். எந்த கிளாஸ்ல சேர்க்கலாம்? கிரேடு எக்ஸாம் எப்ப எழுதலாம்?"

பெட்டி இன்னும் வீட்டுக்கே வரவில்லை, அதற்குள் தேர்வு! "ஒரு வருஷத்துக்கு கிரேடு பற்றிப் பேசாதேம்மா" என்றேன். "நீங்களா சார் இப்படிச் சொல்றீங்க?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. 34 வருஷம் கணக்குப் பாடம் நடத்தி, வாரம் தவறாமல் தேர்வு வைத்தவன் நான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1990களில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பிரான்சில் இருந்த அவன் மாமா ஊருக்கு வந்தபோது ஒரு சின்ன கேசியோ கொண்டுவந்து கொடுத்திருந்தார். (நம் ஊரில் அப்போது எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் அதற்குப் பெயர் கேசியோதான்.) பையன் யாரிடமும் கற்றுக்கொள்ளாமலே, ரேடியோவில் கேட்ட பாட்டை வீட்டுக்கு வந்து தட்டித் தட்டிக் கண்டுபிடித்துவிடுவான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 41 மதிப்பெண். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "பத்தாவது முடியற வரைக்கும் அந்தப் பெட்டியைக் கட்டிப் பரண்ல போடுங்க" என்றேன். அந்த அம்மா வாத்தியார் சொல்லை வேதமாக எடுத்துக்கொண்டார்.

சில வருஷங்களுக்கு முன் கடற்கரைச் சாலையில், காந்தி சிலை பக்கத்தில் அவனைப் பார்த்தேன். நல்ல வேலை, இரண்டு பிள்ளைகள். பேச்சுவாக்கில் கேட்டேன், "இப்பவும் வாசிக்கிறியாப்பா?" அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்: "இல்ல சார், அது இன்னும் பரண்லயேதான் இருக்கு." அவனுக்கு என்மேல் கோபமே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மாதமே நான் ஒரு கீபோர்டு வாங்கினேன். 64 வயதில். அதை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். இன்று வரை அது அங்கேதான் நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் அதுதான். உறையைப் பிரித்து, மேசை தேடி, பிளக் தேடி எடுத்து வைக்க வேண்டிய வாத்தியம் ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும். போகிற வழியில் நிற்கிற வாத்தியத்தில் யாராவது கை வைப்பார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு, ஐந்து வருஷம் தடவிப் பார்த்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

1) கட்டைகள் முழு அளவில் இருக்க வேண்டும். விரல் நுனி அகலம் மட்டுமே உள்ள பொம்மைக் கட்டைகள் வேண்டாம். 61 கட்டை போதும். 5 ஸ்தாயி, ஸ்தாயிக்கு 12, கடைசியில் இன்னொரு 'ச'. ஆக 61. வெள்ளை 36, கறுப்பு 25. (கணக்கு வாத்தியார் புத்தி போகாது!)

2) மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், ஓங்கி அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். 'டச் ரெஸ்பான்ஸ்' என்பார்கள். இது இல்லாத பெட்டியில் விரலுக்குப் பணிவு வராது.

3) பிரான்சிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கிவரச் சொல்லி எழுதாதீர்கள். இங்கேயே தபலா, தம்புரா ஒலிகளோடு இந்தியாவுக்கென்றே செய்த மாடல்கள் கிடைக்கின்றன. யமஹாவுக்குச் சென்னைப் பக்கத்திலேயே ஆலை இருக்கிறது.

4) நம் ஊர் உப்புக் காற்று இரும்புக் கதவையே தின்னும். கடல் பக்க ஜன்னலோரம் வைக்க வேண்டாம். வாசிக்காத நேரம் ஒரு பழைய பருத்தித் துணி மேலே கிடக்கட்டும். பேட்டரியை உள்ளேயே விட்டு வைத்தால் கசிந்து கெடுக்கும்.

5) ஹெட்போன் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

ஹெட்போன் என்றதும் பாரதியார் ஞாபகம் வருகிறது. 1908 முதல் 1918 வரை நம் ஊரில் வாழ்ந்தவர் அல்லவா? 'சங்கீத விஷயம்' கட்டுரையில் ஹார்மோனியத்தை ஒரு பிடி பிடித்திருப்பார். தெரியாதவர்கள் வாசிக்கும் தொல்லை அக்கம்பக்கத்து வீடுகள் வரை போகிறதே என்பது அவருடைய வருத்தங்களில் ஒன்று. நான் ராத்திரி ஒன்பது மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தப்புத் தப்பாக வாசிப்பதை அவர் மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன்.

ஹார்மோனியமும் பிரெஞ்சுக்காரர் கொடுத்ததுதான். அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842இல் பாரீசில் காப்புரிமை வாங்கினார். 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வைத்தது, 1971 வரை தடை இருந்தது. கமகம் வராது, சுருதி கட்டைக்குக் கட்டை உறைந்து நிற்கிறது என்பது குற்றச்சாட்டு. அது பொய்யல்ல, கீபோர்டுக்கும் பொருந்தும். ஸ்வரத்தை வளைக்கச் சில மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முழுக் கச்சேரியே செய்கிறார் கீபோர்டு சத்யநாராயணன். ஆனால் தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. பாடகர்கள் 'ஐந்தரைக் கட்டை' என்று சுருதி சொல்கிறார்களே, அந்தக் கட்டை இந்தக் கட்டைதான். அது புரிவதே முதல் மாதத்துக்குப் போதுமான சந்தோஷம்.

எப்படித் தொடங்குவது? இரண்டு கறுப்புக் கட்டை சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கத்து வெள்ளைதான் 'ச'. அங்கிருந்து வெள்ளையிலேயே எட்டு வைத்தால் சங்கராபரணம். 'ரி', 'த' இரண்டையும் மட்டும் இடப்பக்கத்துக் கறுப்புக்கு மாற்றினால் மாயாமாளவகௌளை. நம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் குழந்தைகள் சரளி வரிசை தொடங்கும் அதே ராகம். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கை மட்டும், மெதுவாக, தினம் 15 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள். அப்படிப் படித்தவர்கள் என்ன மதிப்பெண் வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

'ரிதம்' பொத்தானை ஒரு மாதம் தொடாதீர்கள். ஒரு விரலை வைத்தாலே பின்னால் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா ஓடும். நாம்தான் வாசிக்கிறோம் என்று மயக்கம் வரும். அதே மாதிரி, திரையில் மேலிருந்து விழும் கட்டங்களைப் பார்த்து அழுத்துவதால் பாட்டு வரும், காது வராது. தெரிந்த பாட்டின் முதல் வரியை நீங்களே தட்டித் தேடுங்கள். அந்தப் பையன் செய்தது இதைத்தான். அது படிப்பைக் கெடுக்கும் விளையாட்டு என்று நான் நினைத்தேன். உண்மையில் என் வகுப்பில் அவன் ஒருவன்தான் விடையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். கிரேடு தேர்வு கெட்டது என்று சொல்லவில்லை. லண்டன் டிரினிட்டி காலேஜ் கீபோர்டுக்குத் தனியாகவே எட்டு கிரேடு நடத்துகிறது, ஒழுங்கான பாடத்திட்டம். இசையில் மேலே போகிற பிள்ளைக்கு அது வேண்டும். "எக்ஸாம் இருந்தாத்தான் சார் உட்காருது" என்கிற பெற்றோர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் முதல் வருஷத்திலேயே தேர்வு வந்தால், குழந்தை நாலைந்து உருப்படிகளையே வருஷம் முழுக்க அரைக்கிறது. சான்றிதழ் சுவரில் ஏறுகிறது, கீபோர்டு பரணில் ஏறுகிறது. தேர்வு வைத்தே சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன்: ஆசை வந்தபின் வைக்கும் தேர்வு வேறு, ஆசை வருவதற்கு முன் வைக்கும் தேர்வு வேறு.

ஜூன் 21 அன்று நம் ஊரில் 'ஃபெத் தெ லா மியூசிக்' நடக்கிறதே, 1982இல் பிரான்சில் தொடங்கிய விழா. பிரெஞ்சில் அதையே உச்சரித்தால் 'இசை விழா' என்றும் பொருள், 'இசை செய்யுங்கள்' என்றும் பொருள். வித்வான்தான் வாசிக்க வேண்டும் என்று அதில் சட்டமில்லை.

பிள்ளைக்கு வாங்குகிற அப்பா அம்மாவே, நீங்கள் முதலில் உட்காருங்கள். தப்பாக வாசியுங்கள், பிள்ளை சிரிக்கட்டும். "தள்ளுப்பா, நான் வாசிக்கிறேன்" என்று ஒருநாள் வரும். என் பேத்தி அப்படித்தான் என்னைத் தள்ளிவிட்டாள்.

அந்த மாணவன் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான், படிப்பான். தம்பி, நான் அன்று சொன்னது தப்பு. ஏணி போட்டு அந்தப் பெட்டியை இறக்கு. ஓடவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வா. ஹாலிலேயே இருக்கிறது, மதியம் நான்கு மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்