கே.ஏ. குணசேகரனை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் 1955-ல் பிறந்த கே.ஏ. குணசேகரன், 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டு மக்களிடம் போய்ச் சேர்ந்தது அவர் குரலில்தான். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பேராசிரியராக இருந்தார். தமிழில் தலித் நாடகத்துக்கு வழி திறந்த 'பலி ஆடுகள்' அவர் எழுதியது. பள்ளி நாட்களில் சாதி தந்த அவமானங்களை 'வடு' நூலில் ஒளிக்காமல் சொன்னார். 2016 ஜனவரி 17-ல் புதுச்சேரியிலேயே மறைந்தார்.

இத்தனை பக்கத்தில் வாழ்ந்தவரை வில்லியனூர், பாகூர் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாவுக்கு மட்டும் பறையைக் கூப்பிடும் ஊர்களில்தான் அவர் நாடகம் நடக்க வேண்டும். பள்ளி ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆட ஒதுக்கும் நேரத்தில் (அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை) பாதியைக் கொடுங்கள். 'பலி ஆடுகள்' நாடகத்தில் ஒரு காட்சியாவது நம் காலனிப் பிள்ளைகள் நடிக்கட்டும்.