கிளப் கைமாறினால் ரசிகனுக்கு என்ன பாத்தியதை?

ஒரு மில் கைமாறினால் தொழிலாளி கலங்குகிறான். வேலை நிலைக்குமா, பழைய பாக்கி வருமா என்று கேட்கிறான். அதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கால்பந்து கிளப் கைமாறப் போகிறது என்று செய்தி வந்தால், அதில் ஒரு ரூபாய் பங்குகூட இல்லாத, அங்கே ஒரு நாள் சம்பளம்கூட வாங்காத ரசிகன் ஏன் தெருவுக்கு வருகிறான்?

2021-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் வாசலில் ரசிகர்கள் மீது போலீசார் தடியடி நடத்தினர். தோற்ற ஆட்டத்துக்காக எழுந்த கலவரம் அல்ல அது. ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா என்பதே சண்டை. அதன் பிறகு நாட்டில் வேறு சில கிளப்புகளும் கைமாறிவிட்டன. ஒன்று ஊரையே மாற்றிக்கொண்டது. ஆகவே கொல்கத்தாவில் நடந்தது என்ன என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

வந்தேறிகளின் கொடி

ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920-ல் தொடங்கப்பட்டது. கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரரை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டதில் பிறந்த மனத்தாங்கல்தான் அதற்கு வித்து. 1947-ல் தேசப் பிரிவினை வந்தது. வீடு, நிலம், தோப்பு, துரவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கானவர்கள் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வாடகை வீட்டிலும் முகாமிலும் கிடந்த அவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கி நின்றது இந்த ஒரு கிளப்தான். சிவப்பு, மஞ்சள் சட்டையும் தீப்பந்தச் சின்னமும் அவர்களுக்குச் சொந்த ஊரின் அடையாளம்.

இதில் நம்மவர் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. அந்த கிளப்புக்கு 1949 முதல் சில ஆண்டுகள் பெரும் புகழ் தேடித் தந்த முன்னணி ஆட்டக்காரர்கள் ஐவர்: சாலே, அப்பாராவ், அகமது கான், தனராஜ், வெங்கடேஷ். ஐவரும் தென்னாட்டிலிருந்து போனவர்கள். அகமது கான் நம் பெங்களூர்க்காரர். வங்காளிகள் அவர்களுக்கு இட்ட பெயர் ‘பஞ்ச பாண்டவர்’. ஊர் இழந்து வந்தவர்கள், பிழைக்க வந்தவர்களைத் தங்கள் பிள்ளைகளாகவே கொண்டாடினார்கள்.

மூன்று முதலாளிகள்

பழைய கிளப்புகள் சங்கமாகப் பதிவானவை. உறுப்பினர் சந்தாவும் நுழைவுச் சீட்டுப் பணமும் ஒரு காலத்தில் போதுமானதாக இருந்தன. பிறகு வெளிநாட்டு ஆட்டக்காரர், பயிற்சியாளர், விமானச் செலவு என்று கணக்கு ஏறியது. 1998-ல் ஒரு மதுபானக் குழுமம் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்குமே துணைக்கு வந்தது. பரம எதிரிகள் இருவர் சட்டையிலும் ஒரே முதலாளியின் சரக்குப் பெயர்கள் இருந்தன! ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், பொறுத்துக்கொண்டார்கள்.

2018 ஜூலையில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட குவெஸ் கார்ப் நிறுவனம் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துப் பிரிவில் நூற்றுக்கு 70 பங்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் ஐ-லீக் கோப்பை ஒரே ஒரு புள்ளியில் கை நழுவியது. கோப்பையைக் கொண்டு போனது கோவையில் ஆடிய சென்னை சிட்டி குழு. நிர்வாகிகளுக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 2020-ல் நிறுவனம் விலகியது.

அதே ஆண்டு செப்டம்பரில் மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த மம்தா பானர்ஜி முன்னிலையில் ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் வந்தது. பங்கு 76 சதவீதம். அதனால்தான் ஐ.எஸ்.எல். போட்டியில் கிளப்புக்கு இடம் கிடைத்தது. முதலில் கையெழுத்தானது பூர்வாங்க உடன்படிக்கை மட்டுமே. முழு ஒப்பந்தம் வந்தபோதுதான் வில்லங்கம் முளைத்தது.

மூவர் வாதம்

நிறுவனத்தின் வாதம் எளிமையானது. பணம் போடுகிறவன் கையில் நிர்வாகம் இருக்க வேண்டும். இறுதி ஒப்பந்தம் இல்லாமல் மேலும் பணம் போட முடியாது என்றது.

கிளப் நிர்வாகிகள் வேறு கணக்குச் சொன்னார்கள். பூர்வாங்கத்தில் இருந்தது வேறு, இறுதியில் எழுதியிருப்பது வேறு. கையெழுத்திட்டால் உறுப்பினர் உரிமை போய்விடும், நூறாண்டு கிளப் நிறுவனத்தின் ஒரு கிளை ஆகிவிடும் என்றார்கள்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘கையெழுத்துப் போடு, இல்லையென்றால் நாற்காலியை விடு’ என்று ஒரு சாரார் நிர்வாகிகளைச் சாடினார்கள். மற்றொரு சாரார் நிர்வாகிகள் பக்கம் நின்றார்கள். ஜூலை 21-ல் மோதிக்கொண்டவர்கள் இந்த இரு சாரார்தான். தடியடி பட்டவர்கள் அனைவரும் ஒரே நிறச் சட்டைக்காரர்கள் என்பதுதான் வேதனை.

இரு தரப்பு அச்சத்திலும் நியாயம் இருந்தது. ஒரு பக்கம், பழைய ஆட்டக்காரரின் சம்பளப் பாக்கிக்காக உலகக் கால்பந்து சம்மேளனம் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை போட்டிருந்தது. பணம் வராவிட்டால் குழுவே களத்தில் இறங்க முடியாது. இன்னொரு பக்கம், கையெழுத்துப் போட்ட பிறகு பெயரும் நிறமும் போனால் திருப்பித் தருவது யார்?

ஆகஸ்டில் முதலமைச்சர் தலையிட்டு நிறுவனத்தை ஒரு பருவம் இருக்கச் செய்தார். அந்த 2021-22 பருவத்தில் 20 ஆட்டங்களில் குழு வென்றது ஒன்றே ஒன்று. 11 குழுக்களில் கடைசி இடம். 2022-ல் நிறுவனம் உரிமைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிற்று. ஆகஸ்டில் இமாமி குழுமம் வந்தது. 2024 ஜனவரி 28-ல் புவனேஸ்வரத்தில் ஒடிசா குழுவை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையை எடுத்தபோது, 12 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தேசியக் கோப்பை வந்து சேர்ந்தது.

பெயருக்காக நடந்த போர்

எதிர்முகாமான மோகன் பகானில் கதை வேறு விதம். அங்கே பணத்துக்குக் குறைவில்லை. 2020-ல் சஞ்சீவ் கோயங்கா குழுமம் 80 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டு, தன் ஏ.டி.கே. குழுவை அதனுடன் இணைத்தது. பச்சை, அரக்கு நிறங்களும் பாய்மரப் படகுச் சின்னமும் தப்பின. ஆனால் கிளப்பின் பெயருக்கு முன்னால் ‘ஏ.டி.கே.’ என்ற மூன்று எழுத்து வந்து உட்கார்ந்தது. 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்தை வெறுங்காலோடு ஆடி வென்ற கிளப்பின் பெயருக்கு முன்னால் வேறொரு பெயரா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பதாகை, ஊர்வலம், புறக்கணிப்பு என்று மூன்று ஆண்டு நடந்தது. 2023 மார்ச் 18-ல் கோவாவில் நம் பெங்களூர் குழுவைப் பெனால்டியில் வென்று கோப்பையைத் தூக்கிய அன்றே, அந்த மூன்று எழுத்து நீக்கப்படும் என்று கோயங்கா அறிவித்தார்.

வெற்றி கிடைத்தும் ரசிகர்கள் பெயரை மறக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கோப்பை கொடுத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணுகிற முதலாளிகளுக்கு இது பாடம்.

மற்ற ஊர்களில்

பழமை இல்லாத கிளப்புகளின் ரசிகர் நிலை இன்னும் பரிதாபம். 2019-ல் டில்லி குழு புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா ஆனது. அதே ஆண்டு புனே குழு கலைந்து, அதன் இடத்தில் ஹைதராபாத் குழு வந்தது. அந்த ஹைதராபாத் 2022-ல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. மூன்றே ஆண்டில், 2025-ல், அது டில்லிக்குப் போய்ப் பெயரும் மாறிவிட்டது. கோப்பை வென்ற ஊரில் இன்று அந்தக் குழு இல்லை.

மும்பை சிட்டியில் 2019 முதல் 65 சதவீதம் வைத்திருந்த சிட்டி ஃபுட்பால் குரூப், 2025 டிசம்பரில் விலகியது. அதன் காலத்தில் லீக் கேடயம் இரு முறை, கோப்பை இரு முறை வந்தன. பிறகு ஏன் விலகல்? 2010-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் செய்த 15 ஆண்டு வர்த்தக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. அடுத்தது என்ன என்று முடிவாகாமல் வழக்கமான காலத்தில் லீக் தொடங்கவில்லை. உலகெங்கும் கிளப் வைத்திருப்பவருக்கு இது ஒரு கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம். அந்தேரி அரங்கில் கொடி பிடித்தவனுக்கு அப்படி அல்ல.

செய்ய வேண்டியது

முதலாளியே வேண்டாம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சு. சந்தாப் பணத்தில் இன்றைய லீக்கில் ஆட முடியாது. ஜெர்மனியில் ஒரு விதி உண்டு: சில விலக்குகள் நீங்கலாக, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். அங்கே முதலீடும் வருகிறது, அரங்கமும் நிரம்புகிறது. அந்த அளவுக்கு இங்கே உடனே போக முடியாவிட்டாலும் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

பெயர், நிறம், சின்னம், ஊர் ஆகிய நான்கையும் உறுப்பினர் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்று சம்மேளனம் விதி செய்யலாம். ஒப்பந்தத்தின் முக்கிய ஷரத்துகளைக் கையெழுத்துக்கு முன்பே வெளியிடலாம். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அடிபட்டது, முழுதாக யாரும் படிக்காத ஒரு காகிதத்துக்காக. விலகுகிற முதலாளி சம்பளப் பாக்கியைத் தீர்த்துவிட்டே போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம்.

முதலாளி வருவார், போவார். ஈஸ்ட் பெங்காலில் 2018-க்கும் 2022-க்கும் இடையே மட்டும் மூவர் வந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் மாறாமல் நின்றவன் ரசிகன் ஒருவன்தான். அவனிடம் பங்குப் பத்திரம் இல்லை. ஆனால் பாத்தியதை இல்லை என்று யார் சொல்ல முடியும்?