பிள்ளைகளோடு பினாங்கு: எங்கே தங்குவது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "டீச்சர், பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துப் போகிறோம். எங்கே தங்கினால் நல்லது?"

அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு தங்குவிடுதியின் பெயரை. நானோ ஒரு வட்டாரத்தின் பெயரைச் சொல்வேன். எந்த வட்டாரத்தில் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விடுதியைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

நம்மவர் பலர் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பவை மூன்று. நீச்சல் குளம் உண்டா? காலைப் பசியாறல் கட்டணத்தில் அடங்குமா? ஓர் இரவுக்கு எத்தனை வெள்ளி? இவையெல்லாம் வேண்டாதவை என்று நான் கூறமாட்டேன். ஆனால், இவற்றை மட்டுமே பார்த்துப் பத்து பெரிங்கி கடற்கரையில் அறை எடுத்த குடும்பத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோட்டையையோ கொம்தாரையோ காண வேண்டுமானால், வளைந்து நெளிந்து செல்லும் கடலோரச் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வரவேண்டும். விடுமுறைக் கால நெரிசலில் அந்தத் தொலைவே ஒரு பெரும் பயணமாகிவிடும். பின்னிருக்கையில் ஒரு பிள்ளை உறங்கிவிடும். இன்னொன்று வாந்தி எடுக்கும். மாலையில் மீண்டும் அதே வழி! "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று நாளும் விடுதிக்குள் கழிந்துவிடும்.

விடுமுறை முடிந்து வரும் மாணவர்களின் கட்டுரைகளில் இதன் விளைவைக் காண்கிறேன். "நாங்கள் நீந்தினோம். பிறகு சாப்பிட்டோம். மீண்டும் நீந்தினோம்." அக்கட்டுரையில் பினாங்கு என்ற சொல்லை நீக்கிவிட்டுப் போர்ட் டிக்சன் என்று எழுதினாலும் பொருள் மாறாது. எழுதிய பிள்ளையைக் குறை சொல்ல இயலுமா? அதற்கு நாம் காட்டியது அவ்வளவுதானே!

ஆகவே, தொடக்கப்பள்ளி அகவையில் பிள்ளைகள் இருந்தால், ஜார்ஜ்டவுனின் பழைய நகரப் பகுதியில் தங்குங்கள் என்பேன். மலாக்காவோடு சேர்த்து 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமாக அறிவித்த பகுதி அது. அங்கே பிள்ளைகள் நடக்கலாம். நம் முன்னோர் கடைத்தெரு என்று வழங்கிய லெபோ பசாரில் பசியாறிவிட்டு, 1833ஆம் ஆண்டு எழுந்த மகா மாரியம்மன் கோயிலைக் கும்பிடலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் 1801ஆம் ஆண்டு தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்; அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில்; சாலையின் மறுகோடிக்கு அருகே 1818ஆம் ஆண்டு கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நன்னெறிப் பாடநூலில் பல பக்கங்களில் நாம் விளக்கும் நல்லிணக்கத்தை, ஒரு காலைப்பொழுதில் பிள்ளை தன் கால்களாலேயே கற்றுக்கொள்ளும். வெயில் ஏறினால் அறைக்குத் திரும்பி இளைப்பாறிவிட்டு, மாலையில் கடலோரத் திடலில் ஓடியாடலாம்.

மகிழுந்து இல்லாத குடும்பத்திற்கும் இவ்வட்டாரம் ஏற்றது. பட்டர்வொர்த்துக்கு 2015 முதல் மின்தொடர்வண்டி ஓடுகிறது. இறங்கியதும் படகுத்துறை அருகிலேயே. 2021 தொடங்கிப் படகில் மகிழுந்துகளை ஏற்றுவதில்லை. ஆயினும் நடந்து வருவோருக்குப் படகுண்டு. கடலைக் கடந்து தீவில் இறங்கினால், கடைத்தெரு நடக்கும் தொலைவில் இருக்கிறது. பத்து பெரிங்கி கடலில்தான் குளிக்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், படகுத்துறையிலிருந்து புறப்படும் 101ஆம் எண் பேருந்தில் ஒரு நாள் சென்று வாருங்கள்.

தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்குள்ள தெருப்பலகைகள் சிலவற்றில் தமிழ் இருக்கிறது. பூக்கடையிலும் மளிகைக்கடையிலும் தமிழ் ஒலிக்கிறது. வகுப்பறைக்கு வெளியே தன் மொழிக்கு ஒரு தெரு இருப்பதைப் பிள்ளை கண்ணால் காண வேண்டாமா? இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் குறிப்பிடுவதே 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான். அப்பள்ளி பின்னர் இயங்கிய பழைய கட்டடம் ஃபார்குவார் வீதியில் இன்றும் நிற்கிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். லவ் லேன், சூலியா வீதி ஆகியவற்றின் சில பகுதிகளில் மதுக்கூடங்களின் இரைச்சல் நள்ளிரவு வரை கேட்கும். அங்கே அறை எடுக்காதீர்கள். பழைய கடைவீடுகளை விடுதியாக்கிய இடங்களில் செங்குத்தான மரப்படிகள் இருக்கலாம், மின்தூக்கி இராது. முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஐந்தடி நடைபாதைகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். மோட்டார் சைக்கிள்கள் வழியை அடைத்து நிற்கும். தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் குழந்தை உள்ளவர்களுக்குக் கடற்கரை விடுதியே ஏற்றது என்பதை நான் மறுக்கவில்லை.

மற்றொன்று. பழைய நகரம் காட்சிக்கூடமன்று. மக்கள் வாழும் இடம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபின் வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. எஞ்சியிருப்போரின் வாசலில் நாம் விருந்தினர். படகுத்துறைக் குடியிருப்புகளில் பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேளாமல் படம் பிடிப்பதும் முறையாகாது. அங்குள்ள நம்மவர் கடையிலேயே உண்டு, வாங்கினால் அவர்களும் அங்கே நிலைத்திருப்பார்கள்.

அன்பான பெற்றோர்களே, அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தில் வரைபடத்தை மேசையில் விரியுங்கள். பார்க்க விரும்பும் இடங்களைப் பிள்ளைகளையே வட்டமிடச் சொல்லுங்கள். வட்டங்கள் எங்கே நெருங்கி இருக்கின்றனவோ, அங்கே தங்குங்கள். ஆசிரியர்களும் விடுமுறைக்கு முன் வகுப்பில் இதை ஒரு நடவடிக்கையாகச் செய்யலாம். பினாங்குக்கு மட்டுமன்று, எந்த நகருக்கும் இது பொருந்தும்.