ஞானோபதேச வகுப்பில் ஒரு கேள்வி

கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் படித்த நேயர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் நினைவிருக்கும். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்குச் சென்று ஞானோபதேசம் கற்பார்கள். மற்றப் பிள்ளைகள் வேறோர் அறையில் நீதிபோதனை கேட்பார்கள். 1950-ஆம் ஆண்டு அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு, அரசாங்க அங்கீகாரமோ பொருளுதவியோ பெற்ற பள்ளிக்கூடத்தில் எந்தச் சிறுவனையும் பெற்றோர் சம்மதமின்றி மதபோதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. பல மதத்தினர் சேர்ந்து வாழும் தேசத்துக்கு அது மிகவும் நியாயமான விதி.

ஆனால் அந்த முதல் அறைக்குள் என்னதான் நடக்கிறது? நேயர்களில் பலருக்கு இது தெரிந்திராது. பல ஆண்டுகள் அங்கே கரும்பலகைக்கு முன் நின்றவர்கள் என்ற முறையில் நாம் சொல்லலாம்.

பாடம் மூன்று கிளைகளை உடையது: விசுவாசம், வழிபாடு, ஒழுக்கம். எதை நம்புவது என்பதற்கு விசுவாசப் பிரமாணம். எவ்வாறு வணங்குவது என்பதற்குப் பூசையும் ஏழு தேவதிரவிய அனுமானங்களும். எவ்வாறு நடப்பது என்பதற்குப் பத்துக் கற்பனைகளும் மனச்சாட்சியும்.

இந்தப் பாடத்துக்கும் நம் தாய்மொழிக்கும் பழைய உறவு உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அறிந்த சிலரைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். கற்ற பிள்ளைகள் வீடு திரும்பித் தாய் தந்தையருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் செய்த ஏற்பாடு. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இதே பாடத்துக்காக எழுந்த 16 பக்கச் சிறு நூல்தான். மறு ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிறிஸ்தியானி வணக்கம்’ வினா விடையாக அமைந்தது.

வினா விடை முறை சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. உலகைப் படைத்தவர் யார் என்று நாம் கேட்டு முடிக்குமுன் பத்துக் கைகள் உயரும். ஒன்பதாம் வகுப்பிலோ நிலைமை தலைகீழாகிவிடுகிறது. அங்கே வினா மாணாக்கர் பக்கத்திலிருந்து புறப்படுகிறது. விடைக்குத் திண்டாடுகிறவர் உபாத்தியாயர்!

ஒரு நாள் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பாடம். ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதமில்லை என அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதியதை விளக்கிக்கொண்டிருந்தோம். பிரசங்கம் நன்றாகவே அமைந்தது என்று நமக்குள் ஒரு திருப்தியும் உண்டாயிற்று. அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“ஸார், எல்லோரும் ஒன்று என்றால் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எதற்கு?”

தமிழ்நாட்டில் சில ஊர்களில் இத்தகைய சுவர்கள் எழுந்ததை அறியாதவர் இல்லை. உயிரோடிருந்தபோது சாதியால் பிரிந்திருந்தவர்கள், இறந்த பிறகும் பிரிந்தே கிடக்க வேண்டும் என்று கட்டப்பட்டவை அவை. நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். மணி அடிக்கவில்லை. “அது பெரியவர்கள் காலத்து வழக்கம், பிறகு பேசுவோம்” என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பினோம். பையன் உட்கார்ந்துவிட்டான். மறுபடி அந்த வாரம் முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை.

நம் தூக்கம் போயிற்று. திருச்சபையின் போதனை இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2003-ல் தம்மைக் காண வந்த தமிழ்நாட்டு ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் கிறிஸ்தவர்களிடையே சாதித் துவேஷத்தின் சாயலும் இருத்தலாகாது என்று எச்சரித்தார். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றே கூறியது. ஆகவே விடை தெரியாமல் நாம் மௌனமாக இருக்கவில்லை. விடை நம்மையும் சுடும் என்பதால் இருந்தோம்.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் மாணாக்கருக்குச் சொன்னோம். பாடத்தின் மூன்று கிளைகளும் அந்தச் சுவரில் வந்து முட்டுவதையும் காட்டினோம். ஞானஸ்நானம் ஒன்றே என்பது விசுவாசம். மரித்தோர் யாவருக்காகவும் மன்றாடுவது வழிபாடு. அயலானைத் தன்னைப்போல் நேசிப்பது ஒழுக்கம். சுவர் மூன்றுக்கும் விரோதம். அதை ஒப்புக்கொண்டபின் பையன் கேட்டான்:

“ஸார், உங்கள் ஊரிலும் சுவர் உண்டா?”

“உண்டு.”

“உங்கள் தாத்தா எந்தப் பக்கம்?”

மேலான பக்கம் என்று ஊரார் சொல்லும் பக்கந்தான். அதைச் சொல்ல நமக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஆனாலும் சொன்னோம்.

வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்று இயற்றிய நூலின் பெயர் ‘வேதியர் ஒழுக்கம்’. போதிக்கிறவனுடைய ஒழுக்கத்தையே நூலின் பெயராக வைத்திருக்கிறார். அப்பெயரை எத்தனையோ தடவை தேர்வுக்காகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள். அவ்வாண்டு ஊருக்குச் சென்றபோது, தாத்தாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபின், மீதியை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி மறுபக்கம் போனோம். அங்கே ஒரு மூதாட்டி பூத் தூவிக்கொண்டிருந்தாள். முதலில் திகைத்தாள், பிறகு காற்றில் அணையாதபடி திரிக்குக் கை மறைத்துப் பிடித்தாள். உறவினர் இருவர் நம்முடன் பேசுவதை நிறுத்திக்கொண்டனர். சுவர் அப்படியே நின்றது. ஒரு மெழுகுவர்த்தியால் சுவர் விழுந்துவிடும் என்று நாம் மாணாக்கருக்குச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னோம். கடைசிப் பெஞ்சுப் பையன் அன்று வேறொரு கேள்வி கேட்டான். அவன் மறுபடியும் கேட்கத் தொடங்கியதே நமக்குப் போதுமாயிருந்தது.

1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்குப் பெற்றோரே முதல் ஆசிரியர்கள் என்கிறது. இது எம்மதத்தாருக்கும் பொருந்தும். நேயர்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் தன் சமயத்தைப் பற்றி, கோவிலிலோ பள்ளிவாசலிலோ மாதாகோவிலிலோ கண்டதைப் பற்றி, சங்கடமான ஒரு கேள்வி கேட்பான். “அதிகப்பிரசங்கி!” என்று அவனை அடக்கிவிடுவது மிகவும் எளிது. நாமும் ஒரு வாரம் அதைத்தான் செய்தோம். பாடம் அவன் மனத்தில் தைத்ததனால்தான் கேட்கிறான் என்பதை நினைவில் கொண்டு, அவனை அருகில் உட்காரவைத்து உண்மையைச் சொல்லுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.